0 ஆர்பிஎம் என்றால் ஃபேன் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை

சர்வர் ஃபேன்களைக் கண்காணிக்க எழுதப்படும் நிரல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வேகத்தைப் படி, 1,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1,000 சுற்று) கீழே போனால் அலாரம் அடி. எழுதி முடிக்க அரைமணி நேரம் போதும். ஆனால் அது இரண்டு பக்கமும் காலை வாரும். நன்றாக ஓடுகிற ஃபேனுக்காக நடுராத்திரியில் ஆளை எழுப்பும். சாகக் கிடக்கிற ஃபேனைப் பற்றி வாயே திறக்காது.

இரண்டாவதுதான் ஆபத்தானது. 1யூ சர்வர் (ரேக்கில் ஒரே அடுக்கு உயரமுள்ள மெல்லிய பெட்டி) ஒன்றில் வரிசையாக எட்டு 40 மி.மீ. ஃபேன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வேலையில்லாத நேரத்தில் எல்லாம் 5,000 ஆர்பிஎம்மில் ஓடும், சுமை ஏறினால் 16,000 வரை போகும். அதில் ஒன்றுக்குப் பேரிங் தேய்ந்து 6,000-ஐத் தாண்ட முடியவில்லை. 1,000 என்ற எல்லையை வைத்துப் பார்க்கும் நிரலுக்கு அது ஆரோக்கியமான ஃபேன். மற்ற ஏழும் 16,000-ல் கத்திக்கொண்டிருக்க, அதன் பின்னால் இருக்கும் மெமரி வரிசை வேகும்.

அதனால் முதல் விதி: வேகத்தை மட்டும் சேமிக்காதீர்கள். அந்த நேரத்தில் ஃபேனிடம் எத்தனை சதவீதம் கேட்கப்பட்டது என்பதையும் அதே வரிசையில் சேமியுங்கள். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் கண்காணிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், கிடைத்த எண்ணை நம்பலாமா என்று பார்த்துவிடுவோம்.

எண் எங்கிருந்து வருகிறது

நான்கு கம்பி ஃபேனில் ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், ஒன்று டாக்கோ (ஃபேன் தன் வேகத்தைத் துடிப்புகளாகச் சொல்லும் கம்பி), ஒன்று பிடபிள்யூஎம் (எத்தனை சதவீத வேகம் வேண்டும் என்று ஃபேனுக்குச் சொல்லும் கம்பி). இன்டெல் வகுத்த ஒழுங்கில் கறுப்பு தரை, மஞ்சள் 12 வோல்ட், பச்சை டாக்கோ, நீலம் பிடபிள்யூஎம். சர்வர் ஃபேன்களில் இந்த நிறங்களை நம்பிக் கை வைக்காதீர்கள். சான் ஏஸ் வகையில் சிவப்புதான் மின்சாரம், மஞ்சள் டாக்கோ, பழுப்பு பிடபிள்யூஎம். மஞ்சளில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் டாக்கோவின் டிரான்சிஸ்டர் அத்தோடு போய்விடும்.

வழக்கமான ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும். 15,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 250 சுற்று, 500 ஹெர்ட்ஸ். நான்கு துடிப்பு தரும் ஃபேன்களும் உண்டு. அதை இரண்டு என்று எண்ணினால் வேகம் சரியாக இரட்டிப்பாகத் தெரியும். டேட்டாஷீட்டில் உச்சம் 9,000 என்று போட்டிருக்க, திரையில் 18,000 வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். லினக்ஸில் பல டிரைவர்கள் இதற்காகவே 'ஃபேன்1_பல்சஸ்' என்ற கோப்பைத் தருகின்றன. இன்னொரு வகை ஃபேனில் டாக்கோ இருக்கிற இடத்தில் 'லாக்' சிக்னல் மட்டும் இருக்கும். ஓடினால் ஒரு நிலை, நின்றால் மறுநிலை, துடிப்பே வராது. புது ஃபேன் மாட்டியதும் 0 காட்டினால், ஆர்டர் செய்த மாடல் எண்ணை ஒருமுறை சரிபாருங்கள்.

ஃபேன் வேகத்தை அளக்கும் பழைய மானிட்டர் சிப்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அவை 22.5 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தை வைத்து ஒரு சுற்றுக்கான நேரத்தை எண்ணி, 8 பிட் ரெஜிஸ்டரில் வைக்கின்றன. 13,50,000-ஐ அந்த எண்ணிக்கையாலும் வகுப்பானாலும் (எண்ணிக்கை 8 பிட்டுக்குள் அடங்க சிப்பில் அமைக்கும் எண்) வகுத்தால் ஆர்பிஎம். வகுப்பான் 2 என்றால், 254 வரை எண்ணி அளக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் 2,657. அதற்குக் கீழே ரெஜிஸ்டர் நிரம்பி 255 ஆகிவிடும், டிரைவர் 0 என்று சொல்லும். 2,000 ஆர்பிஎம்மில் அழகாகச் சுற்றுகிற ஃபேன், திரையில் செத்துப்போன ஃபேன்! 'ஃபேன்1_டிவ்' கோப்பில் வகுப்பானை 4 ஆக்கினால் 1,329 வரை தெரியும். சில டிரைவர்கள் தாமாகவே மாற்றிக்கொள்ளும், சில மாற்றிக்கொள்ளாது.

மேல் முனையில் நடப்பது வேறு. 15,000-ல், அதே வகுப்பான் 2-ல், எண்ணிக்கை வெறும் 45. ஒன்று குறைந்தால் 15,341, ஒன்று கூடினால் 14,674. நடுவில் எந்த எண்ணும் வராது. வரைபடத்தில் 340 ஆர்பிஎம் குதிப்பைப் பார்த்து ஃபேன் ஆடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள், ஆடுவது சிப்பின் கடைசி பிட்.

பிஎம்சி (சர்வர் போர்டைக் கண்காணிக்கும் தனிச் சிறு கணினி) வழியாக ஐபிஎம்ஐ என்ற நெறிமுறையில் படித்தாலும் இதே கதைதான். அங்கே சென்சார் மதிப்பு ஒரே பைட். அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கித்தான் ஆர்பிஎம் வருகிறது. பெருக்கெண் 100 என்றால் வேகம் நூறு நூறாக மட்டுமே நகரும், உச்சம் 25,500. இதிலிருந்து வரும் ஒரு முடிவை மறக்கக் கூடாது: ஐந்து நிமிடமாக ஒரே எண் வருகிறது என்பதை வைத்து "பிஎம்சி தொங்கிவிட்டது" என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல ஃபேனும் மணிக்கணக்கில் அதே எண்ணைத்தான் காட்டும்.

ரெட்ஃபிஷில் (பிஎம்சியோடு வலை வழியாகப் பேசும் புதிய முறை) படிக்கும்போது 'ரீடிங்' எண்ணை மட்டும் எடுக்காமல் 'ரீடிங்யூனிட்ஸ்' புலத்தையும் எடுங்கள். அது ஆர்பிஎம் ஆகவும் இருக்கலாம், சதவீதமாகவும் இருக்கலாம். 35 சதவீதத்தை 35 ஆர்பிஎம் என்று படித்த நிரல் முதல் நிமிடத்திலேயே ஊரைக் கூட்டிவிடும். புதிய ஸ்கீமாவில் ஃபேன்கள் 'தெர்மல்' பக்கத்திலிருந்து 'தெர்மல்சப்சிஸ்டம்' என்ற பக்கத்துக்கு இடம் மாறிவிட்டன. அங்கே சதவீதமும் ஆர்பிஎம்மும் தனித்தனிப் புலங்கள். இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபேனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதை பிஎம்பஸ் (பவர் சப்ளையோடு பேசும் இணைப்பு) வழியாக, ஹெக்ஸ் (பதினாறடி எண்முறை) 90 என்ற கட்டளையில் படிக்கலாம். வரும் 16 பிட்டை அப்படியே எண்ணாக எடுக்காதீர்கள். லீனியர்11 வடிவத்தில் மேலே 5 பிட்டில் 2-ன் அடுக்கு, கீழே 11 பிட்டில் எண். உதாரணமாக ஹெக்ஸ் 2258 வந்தால் அடுக்கு 4, எண் 600. 600-ஐ 16-ஆல் பெருக்கினால் 9,600 ஆர்பிஎம். பிரிக்காமல் படித்தால் 8,792 என்று வரும். பார்க்க நம்பும்படி இருக்கிறதல்லவா? அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

எந்த வழியில் படிப்பது

சர்வர் போர்டில் ஃபேன்கள் பெரும்பாலும் பிஎம்சியோடுதான் இணைந்திருக்கும். ஃபேன் வேகம் படிக்கக்கூடிய சூப்பர் ஐஓ சிப்பும் போர்டில் இருப்பதால் லினக்ஸ் அதற்கும் டிரைவரை ஏற்றி, யாருமே மாட்டாத ஐந்து ஃபேன்களுக்கு 0 காட்டும். எனவே முதலில் பிஎம்சி. நேரடியாக லினக்ஸின் சென்சார் கோப்புகளான ஹெச்டபிள்யூமான் கோப்புகளைப் படிப்பதாக இருந்தால், 'ஹெச்டபிள்யூமான்3' என்ற எண்ணை நிரலில் பதிக்காதீர்கள். அடுத்த பூட்டில் அது 2 ஆகலாம். உள்ளே இருக்கும் 'நேம்' கோப்பையும் சாதனப் பாதையையும் வைத்துத் தேடுங்கள்.

எவ்வளவு அடிக்கடி? பத்து விநாடிக்கு ஒருமுறை தாராளம். ஹெச்டபிள்யூமான் டிரைவர்கள் பலவும் ஒன்று, ஒன்றரை விநாடிக்குப் பழைய மதிப்பையே திருப்பித் தரும். அதற்கு மேல் வேகமாகக் கேட்டுப் பயனில்லை. ஃபேன் நின்றால் மற்றவற்றை வேகமாக்குவது பிஎம்சியின் வேலை, அதை அது உடனே செய்துவிடும். உங்கள் நிரல் மனிதருக்குச் சொல்லத்தான் இருக்கிறது. ஐபிஎம்ஐ வழியில் முழு சென்சார் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் கேட்பது மெதுவான வேலை. பட்டியலை ஒருமுறை கோப்பில் இறக்கி வைத்து, ஐபிஎம்ஐடூலுக்கு அந்தக் கோப்பைக் காட்டினால் மதிப்புகளை மட்டும் கேட்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் கெடு வையுங்கள். பிஎம்சி பதில் சொல்லாமல் தொங்கும், அதோடு உங்கள் நிரலும் தொங்கும், கண்காணிப்புத் திரையில் கடைசியாக வந்த பச்சை விளக்கு அப்படியே எரியும்.

இங்கேதான் நிலைகளைப் பிரித்து வைக்க வேண்டும். ஃபேன் கழற்றப்பட்டிருக்கிறது, ஃபேன் நின்றிருக்கிறது, மதிப்பு கிடைக்கவில்லை: இந்த மூன்றும் வேறு வேறு. தரவுத்தளத்தில் மூன்றையும் 0 என்று எழுதினால் பிறகு பிரிக்கவே முடியாது. கிடைக்காததைக் காலியாக விடுங்கள், காரணத்தைத் தனிப் புலத்தில் எழுதுங்கள். எட்டு ஃபேனும் ஒரே விநாடியில் காணாமல் போனால் எட்டு அலாரம் வேண்டாம். "பிஎம்சி பதிலளிக்கவில்லை" என்று ஒன்றே போதும். அநேகமாக அது ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும். மாறாக எட்டும் 0 என்று மதிப்போடு வந்து, பிராசசர் வெப்பமும் ஏறிக்கொண்டிருந்தால், ஃபேன் போர்டுக்கு மின்சாரமே போகவில்லை. அது உண்மையான அவசரம்.

அலாரத்தை எதோடு ஒப்பிடுவது

பிடபிள்யூஎம் சதவீதம் தெரிகிற இடத்தில், ஒவ்வொரு ஃபேன் இடத்துக்கும் ஒரு வளைவு எடுத்து வையுங்கள். 20 சதவீதத்தில் தொடங்கி பத்துப் பத்தாக 100 வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்து விநாடி காத்திருந்து வேகத்தைக் குறியுங்கள். மூடியைப் போட்டு, எல்லா ஃபேனும் ஓடும்போதே எடுக்க வேண்டும். மேசையில் தனியாக ஓட்டி எடுத்த எண் பெட்டிக்குள் பொருந்தாது. நடுவில் வரும் சதவீதங்களுக்கு நேர்கோட்டில் கணக்கிட்டால் போதும். டேட்டாஷீட்டிலேயே வேகத்துக்கு 10 சதவீதம் முன்னே பின்னே என்று சலுகை இருப்பது சாதாரணம். அதனால் எதிர்பார்ப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை என்று வைப்பது நடைமுறையில் ஒத்துவரும். பிடபிள்யூஎம் மாறிய பத்துப் பதினைந்து விநாடிகளுக்கு ஒப்பீட்டை நிறுத்தி வையுங்கள். ரோட்டருக்கு ஏறி இறங்க நேரம் வேண்டும்.

சதவீதத்தை வெளியே சொல்லாத பிஎம்சியாக இருந்தால், பக்கத்து ஃபேன்களே அளவுகோல். ஒரே மண்டலத்தில் ஒரே கட்டளைக்கு ஓடும் ஃபேன்களின் இடைநிலை மதிப்பை எடுத்து, அதைவிட 25 சதவீதம் பின்தங்கியதைப் பிடியுங்கள். முன்னே சொன்ன 6,000 ஃபேன் இதில் சுலபமாக மாட்டும். எதிர் எதிராகச் சுற்றும் இரட்டை ரோட்டர் ஃபேன்களில் மட்டும் கவனம்: 40-க்கு 56 மி.மீ. வகையில் முன் ரோட்டரும் பின் ரோட்டரும் வெவ்வேறு வேகத்துக்கே வடிவமைக்கப்பட்டவை, இரண்டுக்கும் தனி டாக்கோ. முன்னை முன்னோடும் பின்னைப் பின்னோடும் ஒப்பிடுங்கள்.

"தொடர்ந்து மூன்று முறை 0 வந்தால் அலாரம்" என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் ரோட்டர் சிக்கிக்கொண்ட ஃபேன் சும்மா இருக்காது. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சில விநாடிக்கு ஒருமுறை மீண்டும் தள்ளிப் பார்க்கும். அந்த உந்தலில் ரோட்டர் கொஞ்சம் அசைந்தாலே ஒன்றிரண்டு துடிப்பு வரும். 0, 0, 240, 0, 0, 180 என்று மதிப்புகள் போகும், தொடர்ந்து மூன்று 0 வரவே வராது. கடைசி ஆறு மதிப்பில் நான்கு, எதிர்பார்ப்பில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நின்றதாகக் கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடும்.

பிஎம்சியின் சொந்த எல்லைகளையும் பார்த்து வையுங்கள். சத்தம் தாங்காமல் மெதுவான ஃபேனாக மாற்றியவர்கள் படும் பாடு இது: 300 ஆர்பிஎம்மில் ஓடும் ஃபேன், கீழ் எல்லை 500. பிஎம்சி ஃபேன் செத்தது என்று எல்லாவற்றையும் 100 சதவீதத்துக்கு ஏற்றும், வேகம் எல்லையைத் தாண்டியதும் சரியாகிவிட்டது என்று இறக்கும், மறுபடி எல்லைக்குக் கீழே போகும். அலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஐபிஎம்ஐடூலில் 'சென்சார் த்ரெஷ்' கட்டளையில் 'லோயர்' என்று கொடுத்து 0, 100, 200 என மூன்று கீழ் எல்லைகளையும் ஒரே வரியில் மாற்றலாம். வரிசை, மிக ஆபத்தான எல்லை முதலில். பெருக்கெண் 100 உள்ள போர்டில் 250 என்று கொடுத்தாலும் அது நூற்றின் மடங்காகத்தான் பதிவாகும், ஆகவே மாற்றியபின் திரும்பப் படியுங்கள். பிஎம்சி ரீசெட்டிலோ ஃபர்ம்வேர் மேம்பாட்டிலோ பழைய எல்லைகள் திரும்பி வரலாம். உங்கள் நிரலே நாளுக்கு ஒருமுறை சரிபார்த்தால் நல்லது.

தேய்மானத்தைப் பிடிக்க அலாரம் தேவையில்லை, வாரக் கணக்கு போதும். 40 முதல் 45 சதவீதத்தில் ஓடிய நேரங்களை மட்டும் பிரித்து, வேகத்தின் இடைநிலையை வாராவாரம் குறித்து வாருங்கள். பேரிங் தேயும் ஃபேனில் அந்தக் கோடு மெல்லச் சாயும்.

வேகத்தைப் படிக்கும் நிரலையும் மாற்றும் நிரலையும் ஒன்றாக்க வேண்டாம் என்பது என் கட்சி. 'பிடபிள்யூஎம்1_எனேபிள்' கோப்பில் 1 என்று எழுதினால் கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில். நிரல் செத்தால் ஃபேன் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே நிற்கும், பிராசசர் எவ்வளவு சூடானாலும் அசையாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், நிரலுக்கு வெளியே, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் 'எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்' வரியில், தொடக்கத்தில் அங்கே இருந்த எண்ணைத் திருப்பி எழுதுங்கள். நிரலைக் கட்டாயமாகக் கொன்றாலும் அந்த வரி ஓடும்.

கடைசியாகச் சோதனை. ஓடும் ஃபேனை விரலால் நிறுத்திப் பார்க்காதீர்கள். 15,000-ல் சுற்றும் 40 மி.மீ. இறக்கை சதையை வெட்டும். சர்வரை அணைத்து, இறக்கைகளுக்கு நடுவே ஒரு கேபிள் டையைக் கோத்துக் கட்டிவிட்டு, மூடியைப் போட்டு ஆன் செய்தால் சிக்கிய ரோட்டர் தயார். இரண்டாவது சோதனைக்கு டாக்கோ பின்னை மட்டும் கனெக்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்: ஃபேன் ஓடும், எண் வராது. மூன்றாவது, பிஎம்சியை ரீசெட் செய்வது. நான்காவது, சுமை கொடுத்துவிட்டு, நல்ல ஃபேன் ஒன்றின் பிடபிள்யூஎம் கம்பியைத் தரையோடு இணைப்பது; அது தன் குறைந்தபட்ச வேகத்துக்கு இறங்கும், சில மாடல்கள் நின்றேவிடும். கம்பியைச் சும்மா கழற்றிவிட்டால் இது நடக்காது, ஏனென்றால் சிக்னல் இல்லாத ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும். இந்த நான்கில், பழைய 1,000 எல்லை நிரல் நான்காவதைப் பெரும்பாலும் தவறவிடும்.