எல்பிஐசி-3 303: ஃப்ரீரேடியஸ் ஸ்டார்ட் ஆகாதபோதுதான் படிப்பு

லினக்ஸ் பாதுகாப்புக்கான எல்பிஐசி-3 303 தேர்வின் ரிசல்ட் வந்தாச்சு, பாஸ். 500 எடுத்தால் போதும். அதற்கு மேல் எவ்வளவு என்று எந்த இன்டர்வியூவிலும் கேட்கப் போவதில்லை. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பதால் படித்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

சிலபஸின் 334.1 பகுதியில் ஃப்ரீரேடியஸ் (நெட்வொர்க்கில் நுழைபவர்களைச் சரிபார்க்கும் சர்வர்) ஒரே ஒரு வரிதான். பலர் கட்டளைப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். எனக்கு மனப்பாடம் நிற்காது. அதனால் விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) சர்வரை நிறுவி, வேண்டுமென்றே கெடுத்து, ஏன் எழும்பவில்லை என்று தேடினேன். மொத்தத் தயாரிப்பில் இதைவிடப் பயன்பட்டது எதுவும் இல்லை.

சர்வீஸ் ஃபெயில் ஆனால் அதன் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸையே வெறித்துப் பார்க்காதீர்கள். சர்வீஸை நிறுத்திவிட்டு, பெரிய எக்ஸ் ஆப்ஷனோடு டீபக் மோடில் ஓட்டுங்கள். உபுண்டுவில் கட்டளை ஃப்ரீரேடியஸ், ரெட் ஹேட்டில் ரேடியஸ்டி. சிலபஸில் இருப்பது ரேடியஸ்டி. திரை முழுக்கக் கொட்டும். கடைசி வரி பெரும்பாலும் ஒப்பாரிதான், காரணம் அதற்கு நாலைந்து வரி மேலே, ஃபைல் பெயரோடும் சதுர அடைப்புக்குள் வரி எண்ணோடும் இருக்கும். எந்தச் சாதனங்கள் சர்வரிடம் கேட்கலாம் என்று சொல்லும் கிளையன்ட்ஸ் கான்ஃப் ஃபைலில் ஒரு மூடும் அடைப்பை அழித்துப் பாருங்கள்: மூடாமல் விட்ட பகுதி எந்த வரியில் தொடங்கியது என்பதையே சொல்லிவிடும்.

கெடுத்துப் பார்க்க வேண்டியவை:

- ஃப்ரீரேடியஸுக்கு வேண்டிய போர்ட் 1812 ஏற்கெனவே பயன்பாட்டில். உபுண்டுவில் பேக்கேஜ் நிறுவியதுமே சர்வீஸ் தானாக ஓடத் தொடங்கிவிடும், அதை நிறுத்தாமல் டீபக் ஓட்டினால் இதுதான் வரும்.
- சர்ட்டிஃபிகேட் சாவியை, சர்வர் எந்தப் பெயரில் ஓடுகிறதோ அந்த ஃப்ரீராட் பயனரால் படிக்க முடியாதபடி வைப்பது. அந்தச் சாவியைப் பயன்படுத்தும் இஏபி (ஒரு சரிபார்ப்பு முறை) மாட்யூல் ஏறாது, சர்வரும் ஏறாது.
- அதைச் சரிசெய்கிறேன் என்று கான்ஃபிக் ஃபைல்களுக்கும் சேர்த்து 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடுவது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால் பாதுகாப்பில்லை என்று சொல்லி மறுத்துவிடும். நியாயம்தான்.
- எஸ்க்யூஎல் மாட்யூலை இயக்கிவிட்டு டேட்டாபேஸை நிறுத்துவது. டேட்டாபேஸ் இணைப்புகளுக்கான பூல் பகுதியில் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கினால் டேட்டாபேஸ் இல்லாமலும் எழும்பும்.

எல்லாம் சரியானால், கோரிக்கைகளுக்குத் தயார் என்ற வரியோடு நிற்கும். அப்புறம் சோதனைக் கோரிக்கை அனுப்பும் ராட்டெஸ்ட் கட்டளை. பயனர், பாஸ்வேர்ட், சர்வர், நாஸ் (கோரிக்கை அனுப்பும் சாதனம்) போர்ட் எண், சீக்ரெட் என்ற வரிசை விரலில் பதியும்வரை அடியுங்கள். பதிலைத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் ஒரு எழுத்து பிசகினாலும் மார்க் போச்சு. 60 கேள்விக்கு 90 நிமிடம். யோசிக்க நேரம் இருக்கும், ஞாபகப்படுத்திக்கொள்ள இருக்காது.

நோட்ஸ் எழுதிப் படிக்கிறவர்களுக்கு இந்த வழி எரிச்சலாக இருக்கலாம். காசுக்கு விற்கும் கேள்வித் தொகுப்புகள் பக்கம் மட்டும் போகாதீர்கள், அதில் தப்பான விடைகளும் கலந்து கிடக்கின்றன.

முந்தைய நிலைச் சான்றிதழான எல்பிஐசி-2 காலாவதி ஆகவில்லையா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். 5 வருடம்தான் செல்லும். அது நடப்பில் இல்லாவிட்டால் 303 பாஸ் செய்தாலும் சான்றிதழ் வராது.