மேல் தட்டு

இன்று நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில், மளிகைக்கடையில் எதிர்வீட்டு அக்கா மேல் தட்டிலிருந்த காப்பிப்பொடியைத் தானே எடுத்தார்.

பட்டனை அழுத்தினார். மெல்லிய ரீங்காரம். சக்கர நாற்காலியின் இருக்கை மட்டும் மெதுவாக உயர்ந்தது.

"இவ்வளவு நாளா உன்னை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிடா" என்றார்.

இப்படி இருக்கை உயர்வது வெறும் சௌகரியம், மருத்துவத் தேவை இல்லை என்றுதான் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பல வருடம் சொல்லிவந்தது. கொதிக்கிற குழம்பு கண் மட்டத்தில் இருக்க, கையைத் தூக்கிக் கிளறியவர்களைக் கேட்டிருக்க வேண்டும். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால், மாறி உட்காரும்போது தோள்பட்டையாவது தப்பிக்கும்.

ஆயிரக்கணக்கானோர் கருத்து எழுதி அனுப்பிய பிறகு, 2023 மே 16-இல் தகுதியுள்ளவர்களுக்கு இந்த வசதி காப்பீட்டுக்குள் வந்தது. இதைக் கேட்டுக் கொடுத்த அதே மனுவில், எழுந்து நிற்க வைக்கும் வசதியும் இருந்தது. அதை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டார்கள். என்ன கணக்கோ!

"அடுத்த தடவை கருத்து கேட்டா நீயும் எழுதணும்."

சரி என்றேன்.

பாக்கெட்டைத் திருப்பி சிக்கரி எவ்வளவு என்று பார்த்தார். முகம் சுளித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். மேல் தட்டில்.