ஏஆர்-15: டிரிகர் மாற்றிய பிறகு பாதியில் நின்ற சேஃப்டி

என் ஏஆர்-15 ரைஃபிளில் புது டிரிகரைப் போட்டு முடித்து, ஹேமரை (தோட்டாவைச் சுட வைக்கும் சுத்தியல்) ஏற்றிவிட்டு, செலக்டரை, அதாவது சேஃப்டி லீவரை, சுட முடியாத சேஃப் நிலைக்குத் திருப்பினால், பாதித் தூரம் வந்து நின்றுவிடுகிறது. விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினால் போய்விடும் போலத்தான் இருந்தது, ஆனால் சேஃப்டியை அமுக்கித் தள்ளி வேலை செய்ய வைக்கிற பழக்கம் எனக்கு வேண்டாம். துப்பாக்கியை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எங்கே இடிக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

துப்பாக்கி சாதாரண செமி ஆட்டோ ஏஆர்-15, ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டாதான் சுடும். நான் இருப்பது டெக்சாஸில், இங்கே சட்டப்படி துப்பாக்கி என்றால் சீரியல் எண் பொறித்த லோயர் ரிசீவர், அதாவது டிரிகர் உட்காரும் கீழ்ப்பாதி உடல்தான், டிரிகர் எல்லாம் வெறும் உதிரிபாகம், தபாலில் வீட்டுக்கே வரும். பழைய டிரிகர் ராணுவ அளவுகோலில் செய்தது. அந்த வகைக்கு 5.5 முதல் 9.5 பவுண்டு வரை இழுவிசை இருக்கலாம் என்று கணக்கு, என்னுடையது இழுக்கும்போது மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு வேறு. அதற்குப் பதிலாகப் போட்டது 3.5 பவுண்டு கேசட் டிரிகர். ஹேமர், டிரிகர், ஸ்பிரிங் எல்லாம் ஒரே கூட்டுக்குள் பொருத்தி வரும், உள்ளே இறக்கி இரண்டு பின் (குறுக்கு ஆணி) போட்டால் வேலை முடிந்தது. வாங்குவதற்கு முன் பின் அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது பொதுவாக 0.154 அங்குலம், கோல்ட் (Colt) நிறுவனத்தின் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் 0.170 இருக்கும்.

இன்னொரு விஷயம், நான் இடது கைக்காரன். அதனால் இரண்டு பக்கமும் லீவர் உள்ள செலக்டர்தான் முன்பே போட்டிருந்தேன். பழைய டிரிகரோடு அது ஒரு குறையும் வைக்கவில்லை. அதனாலேயே முதலில் அதன் மேல் சந்தேகம் வரவில்லை.

இங்கே செலக்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டால் மற்றது புரியும். அது ரிசீவருக்குக் குறுக்கே போகும் ஓர் உருளை. சுமார் 3/8 அங்குல விட்டம், நடுவில் ஒரு வெட்டு. டிரிகரை இழுத்தால் அதன் பின்பக்க வால் மேலே எழும்ப வேண்டும், ஃபயரில் இருக்கும்போது அந்த வெட்டு வாலுக்கு நேராக வந்து இடம் விடும், சேஃபில் உருளையின் உருண்டைப் பக்கம் வாலின் தலைமேல் உட்கார்ந்து அதை எழும்ப விடாது. அவ்வளவுதான். ஏஆரில் சேஃப்டி ஹேமரைப் பிடித்து நிறுத்துவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், செமி ஆட்டோவில் அது ஹேமரைத் தொடுவதே இல்லை. ஆக, இந்தச் சேஃப்டி நல்லதா கெட்டதா என்பது செலக்டரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, வால் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேஜைக்கு உட்காரும் முன் மேகசின் வெளியே, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தாயிற்று, தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இல்லை. அப்பர் (குழல் உள்ள மேல்பாதி) கழற்றியிருப்பதால் ஹேமர் விழும்போது எப்போதும் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கினேன், வெறும் ரிசீவர் மேல் அது அடித்தால் அலுமினியம் அடி வாங்கும், கேசட் கூடும் சேதமாகும்.

ஹேமர் ஏறாமல் இருந்தால் ஏஆர் சேஃபுக்குப் போகாது, அதன் அமைப்பே அப்படி, வால் மேலேயே நிற்பதால் உருளை திரும்ப முடியாது. என்னுடையதில் ஹேமர் ஏறித்தான் இருந்தது. அடுத்து டிடென்ட். செலக்டர் கிளிக் என்று நிற்பதற்குக் காரணமான அந்தச் சின்ன முனையும் ஸ்பிரிங்கும் கைப்பிடியான பிஸ்டல் கிரிப்புக்குள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளுகின்றன. கேசட்டை இறக்க செலக்டரைக் கழற்றியாக வேண்டும், செலக்டரைக் கழற்ற கிரிப்பை இறக்கியாக வேண்டும், திரும்ப ஏற்றும்போது ஸ்பிரிங் நேராக உட்காராவிட்டால் மடங்கும். கிரிப்பை இறக்கிப் பார்த்தேன், ஸ்பிரிங்கின் மேல் சுற்றுகள் லேசாகச் சாய்ந்திருந்தன. புதுசு போட்டதும் திருப்புவது மென்மையானது, ஆனால் நிற்கும் இடம் மாறவில்லை. டிடென்ட் கோளாறு என்றால் வழி முழுக்க இறுக்கமாக இருக்கும், இது ஒரே இடத்தில் முட்டுகிறது.

அப்புறம்தான் கேசட்டின் உயரத்துக்கு வந்தேன். பழைய வகையில் டிரிகர் நேரடியாகப் பின்னில் சுழலும், பின் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதுதான் உயரம். கேசட்டில் அப்படி இல்லை. கூட்டின் அடியில் சின்ன செட் ஸ்க்ரூக்கள் இருக்கும், அவற்றை இறுக்கினால் ரிசீவரின் தரையை அழுத்தி, கூட்டை மேலே தூக்கிப் பின்களோடு இறுக்கிப் பிடிக்கும். கூடு எழும்பினால் வாலும் சேர்ந்து எழும்பும். ஸ்க்ரூக்களைத் தளர்த்தினேன், செலக்டர் சேஃபுக்கு வழுக்கிக்கொண்டு போனது. கையேட்டில் சொன்ன அளவுக்கு, அதாவது தரையைத் தொட்டதும் இன்னும் துளி மட்டும் இறுக்கினேன், மறுபடி அதே இடத்தில் முட்டல். தளர்வாகவே விட்டுவிடலாமே என்று தோன்றும், கூடாது. கூடு ஆடும், பின் நகரும், வாலின் உயரம் இழுப்புக்கு இழுப்பு மாறும். இன்று சேஃபில் நிற்கிற ஹேமர் நாளைக்கு நிற்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வாலின் மேல் மார்க்கரால் கறுப்பு பூசி, செலக்டரை முட்டும் வரை சிலமுறை திருப்பிவிட்டுக் கழற்றினேன். பின்பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு பளபளத்தது. இடிக்கும் இடம் தெரிந்துவிட்டது. அந்த ஓரத்தை அரத்தால் நாலு தேய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடம்) ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சேஃபில் ஹேமரை நிறுத்துவது அந்த வால்தான், கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்தால் லீவர் சேஃபில் நிற்கும், துப்பாக்கி சுடும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. உத்தரவாதம் போகிறது என்பது அதற்குப் பிறகுதான்.

அதற்குப் பதில் அவரிடமே ஒரு சாதாரண ஒற்றைப் பக்க செலக்டரைக் கடன் வாங்கிப் போட்டேன். ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தும் அழகாகத் திரும்பியது. இரண்டையும் காலிப்பரில் வைத்துப் பார்த்தால் வாலின் மேல் உட்காரும் பகுதியில் என்னுடையது 0.004 அங்குலம் கூடுதல் தடிமன். பழைய டிரிகரின் வால் தாழ்ந்திருந்ததால் இவ்வளவு நாள் தெரியவில்லை, புதுசின் வால் சற்று உயரம், இரண்டும் தனித்தனியாக அளவுக்குள்தான் இருந்திருக்கும், சேர்ந்ததும் இடமில்லை. கடன் வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் இடது கைக்கு அது உதவாது. நடுப்பகுதி சற்று ஒல்லியாகக் கடைந்த வேறொரு இருபக்க செலக்டர் வாங்கினேன். கிரிப்பைத் திரும்ப இறக்கி ஏற்றுவது மட்டும்தான் எரிச்சல், டிடென்ட் ஒரு தடவை உருண்டு மேஜைக்கு அடியில் போனது.

ஒல்லியான செலக்டர் என்றால் எதிர்ப்பக்க ஆபத்து இருக்கிறது, இடைவெளி அதிகமாகி வால் சேஃபிலும் கொஞ்சம் எழும்பலாம். இதைத்தான் நன்றாகச் சோதிக்க வேண்டும். ஹேமரை ஏற்றி, சேஃபில் வைத்து, டிரிகரை வழக்கத்தைவிடப் பலமாக இழுத்தேன், ஹேமர் விழவில்லை. டிரிகரை விட்டுவிட்டு, விரலை முழுக்க வெளியே எடுத்து, ஃபயருக்குத் திருப்பினேன். இங்கேதான் காது கொடுத்துக் கேட்க வேண்டும், சேஃபில் இழுத்தபோது பிடிப்பு பாதி நழுவியிருந்தால் ஃபயருக்குத் திருப்பிய நொடியே ஹேமர் விழும். விழவில்லை. பிறகு ஃபயரில் இழுத்தால் விழுந்தது, டிரிகரை இழுத்தபடியே ஹேமரை ஏற்றினால் பிடித்துக்கொண்டது, மெதுவாக விட்டதும் டிரிகர் அடுத்த இழுப்புக்குத் தயாராகும் ரீசெட் கிளிக் கேட்டது, ஹேமர் அசையவில்லை. இதையே செட் ஸ்க்ரூவுக்கு நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போட்டு உலர விட்ட பிறகு மறுபடியும் முழுதாகச் செய்தேன், ஏனென்றால் ஸ்க்ரூ அசைந்தால் உயரம் அசையும்.

ரேஞ்சில் மேகசினை நிரப்பவில்லை. முதலில் ஒரே தோட்டா, அப்புறம் இரண்டு. ஓர் இழுப்புக்கு இரண்டும் வெடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், ஆபத்து ஒருபுறம், அமெரிக்கச் சட்டத்தில் அது வேறு தலைவலி. அப்படி எதுவும் இல்லை. பின் அசைகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன், இல்லை. பழைய தடித்த செலக்டரைப் பழைய டிரிகரோடு சேர்த்து ஒரே பையில் போட்டு, 'இவை இரண்டும் ஜோடி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.