டல்ஹௌசி வீட்டில் ஒரு ராத்திரி

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும், கோட்டை என்றால் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு சாயங்காலம் கிளம்பிவிட வேண்டிய இடம் என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரியும் தங்கலாம் என்று சொன்னது மனைவியோடு வேலை பார்க்கும் நர்ஸ். எந்தக் கோட்டை என்று கேட்டேன். டல்ஹௌசி கோட்டை என்றார்.

நான் தஞ்சாவூர்க்காரன். ஆண் வாரிசு இல்லாத ராஜ்யங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எடுத்துக்கொள்ள கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு பிடித்துக்கொண்ட வாரிசு இழப்புக் கொள்கையைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டவன்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை எடின்பரோவின் வேவர்லி ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். எஸ்க்பேங்க் இருபது நிமிஷம்கூட இல்லை, அங்கிருந்து டாக்சி. நாலு மணிக்கே கும்மிருட்டு. (முதல் வருஷம் இந்த இருட்டைப் பார்த்து மனைவி அழுதாள். இப்போது மூன்றரைக்கே விளக்கேற்றி சாம்பிராணி போட்டுவிடுகிறாள்.)

சிவந்த கல் கோட்டை. 13ஆம் நூற்றாண்டிலிருந்து ராம்சே குடும்பத்துச் சொத்து. 1400இல் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லையாம். எனக்கு அதைவிடப் படிக்கட்டுதான் பிடித்தது. சுழன்று ஏறும் கல் படிகள், ஒவ்வொன்றும் அம்மி மாதிரி நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. அறை ஜன்னலின் உள்திண்டில் எட்டு வயது மகள் காலை மடக்கி உட்கார்ந்து புத்தகம் படித்தாள். சுவர் அவ்வளவு கனம். வீடியோ காலில் பார்த்த அம்மா கேட்டது, "இவ்ளோ உசரத்துல ஒட்டடை எப்படிடா அடிப்பாங்க?"

தூக்கம் வரவில்லை. டல்ஹௌசி பிரபு 1812இல் பிறந்தது இதே கோட்டையில். 1855இல் எங்கள் தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். பெண்கள் இருந்தும் கணக்கில்லை. ராஜ்யம் மட்டுமில்லை, அரண்மனைச் சொத்தையும் சேர்த்துக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். 1859இல் மேல்முறையீட்டைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசாங்க நடவடிக்கை, கோர்ட் தலையிட முடியாது என்று கைவிரித்தது.

அடுத்த வருஷமே டல்ஹௌசி இங்கேயே இறந்தார், 48 வயதில். அவருக்கும் ஆண் வாரிசு கிடையாது. இந்தியாவை ஆண்டபோது கிடைத்த மார்க்வெஸ் பட்டம் அவரோடு போயிற்று. பழைய ஏர்ல் பட்டம் மட்டும் பங்காளிக்குப் போனது. ஆனால் யாரும் கோட்டைக்கு வந்து பூட்டுப் போடவில்லை.

காலையில் உருளைக்கிழங்கு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டபடி இதை மகளுக்குச் சொன்னேன். இங்கே ஹாகிஸ் என்கிற, ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் போட்ட பதார்த்தத்தை அவள்தான் ரசித்துச் சாப்பிடுவாள், நானில்லை.

"டல்ஹௌசிக்குப் பொண்ணுங்க இருந்தாங்களாப்பா?"

"ரெண்டு பேர்."

"அப்புறம் என்ன? இருந்தாங்கல்ல?" என்று என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டாள்.