நாலடி பால்கனி

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்று சொன்னால் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி, "சதுரஅடி என்ன ரேட்டுங்க?" என்பதுதான். வீடு கட்டித் தருகிறவர் வேறு, அந்த வீட்டுக்குக் கம்பிக் கணக்குப் போடுகிறவர் வேறு என்று 14 வருஷமாகச் சொல்லி வருகிறேன். என் மாமனாருக்கே இன்னும் புரிந்தபாடில்லை.

எம்.இ. முடித்துக் கோவையில் ஒரு டிசைன் அலுவலகத்தில் சேர்ந்தபோது சம்பளம் 12,000. சைட்டில் கம்பி கட்டுகிறவர் என்னைவிட அதிகம் வாங்கினார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நூல் ஐஎஸ் 456-இன் விதிகளை எண்ணோடு ஒப்பிப்பேன், ஈடாப்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் பத்து மாடியை ஆட்டிப் பார்ப்பேன். சென்ட்ரிங் பலகைமேல் ஏறி நின்றது மட்டும் கிடையாது. அவருக்கு அதிகம் கொடுத்தது நியாயம்தான் என்பது ஒரு பால்கனியில் புரிந்தது.

இரண்டு மாடி வீடு. முன்பக்கம் நாலடி நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனி. சாதாரண ஸ்லாப் நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் கம்பி அடியில். பால்கனியோ நுனியில் தொங்கப் பார்க்கும், சுவரோரம் மேல்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலே. ஆட்கள் நிற்கும் பாரம் சதுர மீட்டருக்கு 300 கிலோ என்று எடுத்துக்கொண்டேன். 125 மிமீ கனம், கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 20 மிமீ, 10 மிமீ கம்பி 150 மிமீக்கு ஒன்று. கணக்கில் தப்பில்லை. இன்று போட்டாலும் அதேதான் வரும்.

கான்கிரீட் போட்ட அன்று நான் ஆபீசில் அடுத்த வீட்டுக்கு ஃபுட்டிங், அதாவது அஸ்திவாரக் கணக்கு, பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டு பிரித்த பிறகு பால்கனியில் செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். மறுநாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் சுவரை ஒட்டி, மேல்பக்கம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். முதலில் செங்கலை இறக்கி, மறுபடி முட்டுக் கொடுக்கச் சொன்னார் எங்கள் சீனியர். அப்புறம் உளியை வாங்கி ஓரிடத்தில் கொத்த ஆரம்பித்தார். 20 மிமீ ஆழத்தில் வரவேண்டிய கம்பி வரவில்லை. 40 வரை கொத்தியும் காணோம். 60 மிமீ ஆழத்தில்தான் தட்டுப்பட்டது. கம்பி 40 மிமீ இறங்கினால் அந்த ஸ்லாபின் பலம் ஏறக்குறைய பாதிதான்.

யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. சட்டி சுமந்தவர்கள் கம்பிமேல் நடந்திருக்கிறார்கள். வேறெங்கே நடப்பார்கள்? மிதித்த கம்பி உள்ளே போய்விட்டது. அதைத் தாங்கிப்பிடிக்க அடியில் 'சேர்' வைப்பார்கள். துண்டுக் கம்பியை வளைத்துச் செய்த ஒரு சின்ன ஸ்டூல், அவ்வளவுதான். கம்பி கட்டியவர் என் டிராயிங்கை விரித்துக் காட்டினார். "சேர் எங்கயுமே காட்டலீங்க சார். கவர் பிளாக்தான் போட்டிருந்துது, வெச்சேன்." கவர் பிளாக் என்பது பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்கும் சின்னக் கட்டை. அவர் குரலில் குற்றம்சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். தெரிந்தவர் தானாக வைத்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. கீழே கையெழுத்துப் போட்டது நான்.

பால்கனியை இடித்து மறுபடி போட்டோம். செலவை எங்கள் அலுவலகமும் கான்ட்ராக்டரும் பாதிப்பாதி ஏற்றார்கள். கிரகப்பிரவேசம் தள்ளிப்போனதில் வீட்டுக்கார அம்மா என்னிடம் மட்டும் பேசவில்லை. இரண்டாம் தடவை காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். கம்பிமேல் பலகை போட்டு, அதன்மேல்தான் நடக்கவிட்டேன். டேப்பை வைத்து வைத்துப் பார்த்ததில் மேஸ்திரிக்கு எரிச்சல்.

அதிலிருந்து நான் கையெழுத்திடும் எந்த பால்கனி டிராயிங்கிலும் சேரின் உயரம், கம்பியின் அளவு, எத்தனை அடிக்கு ஒன்று என்று ஓரத்தில் தனியாக ஒரு படம் இருக்கும். போன மாதம் அன்னூர் பக்கம் ஒரு சைட்டில் கம்பி கட்டும் வயசான ஃபிட்டர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏனுங் சார், சேருக்கெல்லாமா படம் போடுவாங்க?"

"போடுவாங்கண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டே வெட்டிப்போட்ட துண்டுக் கம்பிகளைப் பொறுக்கப் போனார்.