நீர் அருகிய உயரத்தில் ஒரு மேகம்

ஓசோன் ஓட்டை என்றதும் நாம் ஓசோனைச் சிதைக்கும் குளோரினைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் குளோரினைத் தூண்டிவிடும் வினைகள் நடப்பதற்குப் பரப்பாக அமையும் மேகங்கள் எப்படி உருவாகின்றன என்பதையே நான் பல மாதங்களாக வியந்து படித்துவருகிறேன்.

அண்டார்க்டிகாவுக்கு மேலே 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகவும் வறண்டது. பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஐந்தளவே நீராவி, நைட்ரிக் அமிலமோ நூறு கோடியில் பத்தளவு. இவ்வளவு குறைவான சரக்கில் மேகம் திரள்வதற்கு, ஏற்கெனவே அங்கே மிதந்துகொண்டிருக்கும் கந்தக அமில நுண்துளிகள்தாம் காரணம். கடலிலிருந்து எழும் கார்போனைல் சல்பைடு என்னும் கந்தக வாயு அங்கே சிதைந்து இவற்றை ஓயாமல் உண்டாக்குகிறது. எரிமலைகளும் அவ்வப்போது இவற்றைப் பெருக்குகின்றன. 1991இல் பினதூபோ எரிமலை சுமார் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் கக்கியது.

அந்தத் துளி ஒன்றைக் கூர்ந்து கவனிப்போம். அதன் ஆரம் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. துருவ இரவில் சூரியன் மறைந்து, துருவத்தைச் சுற்றி வீசும் பலத்த காற்று வளையமான துருவச் சுழல் வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுக்க, வெப்பநிலை இறங்க இறங்க அது நீரைக் குடித்து நீர்த்துப்போகிறது. சுமார் மைனஸ் 81 டிகிரி செல்சியஸை ஒட்டி அது நைட்ரிக் அமிலத்தையும் வேகமாக உள்ளிழுத்துப் பல மடங்கு பருக்கிறது. தொடக்கத்தில் முக்கால் பங்காக இருந்த கந்தக அமிலம் இப்போது சிறுபான்மையாகிவிடுகிறது. இத்தனைக்கும் துளி உறைவதில்லை. அந்தக் குளிரிலும் அது திரவமாகவே நிற்பதுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாததாகத் தோன்றுகிறது.

மைனஸ் 78 டிகிரியிலேயே நைட்ரிக் அமில டிரைஹைட்ரேட் (ஓர் அமில மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த) படிகம் நிலைத்திருக்க முடியும் என்றாலும், அப்படிகம் எளிதில் முளைவிடுவதில்லை. பனிக்கட்டியோ மைனஸ் 85ஐ ஒட்டித்தான் உருவாகும். செயற்கைக்கோள் கண்ட மேகங்கள் பனிக்கட்டிக்குத் தேவையானதை விட வெப்பமான காற்றிலும் இருந்ததால், 1986இல் குரூட்சன்–ஆர்னால்டு, டூன் குழுவினர் ஆகிய இரு தரப்பு ஆய்வாளர்களும் நைட்ரிக் அமிலமே அவற்றின் பொருள் என்று முன்வைத்தனர்.

முளைவிட்ட சில படிகங்கள் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரை வளர்ந்து, நைட்ரிக் அமிலத்தைச் சுமந்தபடி கீழே இறங்கிவிடுகின்றன. ஆகவே செப்டம்பரில் சூரியன் திரும்பும்போது, அந்த அமிலத்திலிருந்து பிறந்து குளோரினை மீண்டும் கட்டிப்போடப் போதிய நைட்ரஜன் டை ஆக்சைடு அந்த உயரத்தில் இருப்பதில்லை.