காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தில் ஒரு பகல்

சென்னையிலிருந்து கிளம்பி இலங்கையைத் தொட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் 2023 ஜூன் மாதத்திலிருந்து காங்கேசன்துறைக்கும் வர ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் போட்டிருந்தார்கள். அந்த மூன்றாவது பெயருக்காகத்தான் டிக்கெட் எடுத்தோம். அப்பா தமிழ்நாட்டில் பொது நூலகத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஜூன் மாதம் பிறக்கும்போதும் யாழ்ப்பாணம் பொது நூலகத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் ஆசை.

கரையில் கிடைப்பது ஒரு பகல்தான். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். குழுவாக அழைத்துப் போகும் பேருந்துச் சுற்றுலாவும் உண்டு. அதில் நிறைய இடங்கள் இருந்தன, ஆனால் நூலகத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும்தான். அதனால் தெரிந்தவர் மூலமாக ஒரு வேன் சொல்லி வைத்திருந்தோம். இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒன்றேதான், கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் வேலை இல்லை.

வேன் ஓட்டிவந்த அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். மாவிட்டபுரம் பக்கத்துக்காரர். அப்பாவைப் பார்த்ததும், “வாங்கோ ஐயா, முன்னுக்கு இருங்கோ, வழி எல்லாம் வடிவாப் பாக்கலாம்” என்று முன் இருக்கையைக் காட்டினார். எங்கள் பட்டியலைக் கேட்டுவிட்டு வரிசையை அவரே மாற்றினார். “முதல் நல்லூர். மத்தியானப் பூசை முடிஞ்சால் நடை சாத்திப் போடுவினம். நூலகத்துக்கு ஆறுதலாப் போவம்.”

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கைவிடப்பட்ட சிமெந்துத் தொழிற்சாலைப் பகுதி. 1950இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. அதே ஆண்டு இந்தப் பகுதி மக்கள் மொத்தமாக வெளியேற வேண்டி வந்தது. பிறகு பல வருடங்கள் இது உயர் பாதுகாப்பு வலயம். காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார்கள். கூரையில்லாத வீடுகளுக்குள் மரம் முளைத்து நிற்கிறது, பக்கத்திலேயே புதிதாகப் பூசிய வீடு. அண்ணனும் அப்படி வெளியேறிப் போனவர்தான். “திரும்பி வரேக்க கிணறு மட்டும்தான் அடையாளம் தெரிஞ்சுது” என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

தெல்லிப்பழை, மல்லாகம் தாண்டிச் சுன்னாகம் பக்கம் வந்தபோது வழி பசேலென்று மாறியது. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும். இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி இறைத்துத்தான் இத்தனை விவசாயமும். ஒரு கடையில் நிறுத்தி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினோம். தோல் பச்சையாக இருக்கிறதே என்று என் மகன் தயங்கினான். ஒரு துண்டு வாயில் போட்டபின் வேன் நல்லூர் போய்ச் சேரும்வரை அவனிடமிருந்து பேச்சே இல்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் சுத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மணல் வீதி கூட்டிப் பெருக்கியபடி இருக்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய், இலங்கைப் பணத்தில். பூசை சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகாமல் தொடங்குகிறது. யாழ்ப்பாண அரசர்கள் காலத்துப் பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்துவிட்டார்கள். இப்போதிருப்பது 1734இல், டச்சுக்காரர் ஆட்சியில் எழுந்தது. மத்தியானப் பூசை மணி அடித்தபோது தவில் நாதசுரத்தோடு கோயிலே அதிர்ந்தது. அம்மா இருந்திருந்தால் இங்கிருந்து அவளைக் கிளப்பியிருக்க முடியாது. ஆறுமுக நாவலர் பிறந்தது இதே நல்லூரில்தான், 1822இல். பழைய ஏடுகளை அச்சில் ஏற்றப் பாடுபட்ட ஒரு மனிதரின் ஊர் என்று அப்பா பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

யாழ்ப்பாணம் வந்து நண்டுக் குழம்பு சாப்பிடாமல் போவதா என்று என் கணவருக்குக் கொஞ்சம் குறைதான். ஆனால் நல்லூருக்குப் போன நாளில் அண்ணன் மச்சம், அதாவது மீன், இறைச்சி தொடமாட்டாராம். அவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மரக்கறிச் சாப்பாட்டுக் கடைக்கே போனோம். வாழையிலையில் குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, சம்பல், பொரித்த மிளகாய். சாம்பார், ரசம் கிடையாது. கடைசியில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சம்புளியும் சேர்ந்த சொதியை ஊற்றினார்கள். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அப்புறம் நூலகம்.

வெள்ளைக் கட்டடம், நடுவில் குவிமாடம், வாசலில் சரஸ்வதி சிலை. உள்ளே போவதற்கு முன்னால் அப்பா வெயிலிலேயே நின்று கட்டடத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கட்டடத்துக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. வரைபடம் போட்டவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன், சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தவர். அப்பா நூலகப் படிப்பு படித்தபோது அந்த ஐந்து விதிகளில்தான் தொடங்கினாராம். தன் தொழிலின் ஆசான் யோசனை சொல்லிக் கட்டிய இடம் என்பதே அவருக்குப் பெரிய விஷயம்.

இதன் தொடக்கம் இன்னும் எளியது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்து நடத்திய சின்ன வாசகசாலை அது. அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்குப் போனது. பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகள் போன்றவர்கள் முன்னின்று ஊர்கூடிப் பணம் சேர்த்தார்கள். 1959இல் இந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. அரசன் கட்டிக்கொடுத்ததல்ல, ஊரே சேர்த்த சொத்து. எரிந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் இழவு விழுந்ததுபோல ஆனதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

1981 மே 31 இரவு. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. ஒரு தேர்தல் கூட்டத்தில் போலீசார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, போலீசாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் ஊருக்குள் இறங்கித் தீ வைத்தார்கள். ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் எரிந்தது, பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது, நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தாவீது அடிகள், பன்மொழி அறிஞர், அந்த அதிர்ச்சியிலேயே உயிர் விட்டார். இதையெல்லாம் அப்பா ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வாசலில் நின்று சொன்னபோது தாவீது அடிகளின் பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். நாங்கள் தொலைபேசியில் பேசி வைத்திருந்ததால் உள்ளே விட்டார்கள். “ஐயாவும் நூலகரோ? வாங்கோ, வாங்கோ” என்று அங்கு வேலை செய்யும் ஒரு பெண் அப்பாவைத் தனியாகவே அழைத்துப் போய்விட்டார். அடுக்கு முறை, பட்டியல், கரையான் தொல்லை, பழைய தாளுக்கு என்ன மருந்து என்று இருவரும் மெல்லிய குரலில் பேசியபடி உசாத்துணைப் பகுதிக்குள் போனார்கள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் இத்தனை கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சுவர்களை உற்றுப் பார்த்துவிட்டு, “அம்மா, எரிஞ்ச மாதிரியே தெரியலையே” என்றாள். அவள் சொன்னது சரிதான். எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்று சொன்னவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். அந்த எண்ணத்தின் நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அன்று வாசிப்பு மண்டபத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசை மேசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைப் பகுதியில் வேட்டி கட்டிய பெரியவர்கள். சிறுவர் பகுதியில் ஒரு குட்டிப்பெண் தரையில் படுத்துப் படக்கதை வாசித்துக்கொண்டிருந்தாள். மீண்டும் கட்டித் திறக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும், திறந்ததே நல்லது என்று எனக்குத் தோன்றியது. ரங்கநாதனின் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அது இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

திரும்பி வந்த அப்பாவின் கையில் ஒரு தாள் நிறையக் குறிப்புகள். சுவடிகளில் போனது போனதுதான், எந்தப் பணத்தாலும் மீளாது என்றார். அதோடு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருப்பதைப் பற்றி என் மகளுக்கு விளக்கினார். இனி ஒரு தீ வைத்தால் எரிந்துபோகாத இடத்தில் புத்தகத்தை வைக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வருகிறவர்கள் கட்டடத்தைப் படம் எடுப்பதோடு கிளம்பிவிட வேண்டாம். அரைமணி நேரமாவது உள்ளே உட்கார்ந்து எதையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

நூலகத்திலிருந்து கோட்டை நடக்கிற தூரம். வழியில் 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் இறந்தவர்களுக்கான நினைவுத் தூண்கள். கோட்டையைப் போர்த்துக்கீசர் தொடங்கினார்கள், 1658இல் கைப்பற்றிய டச்சுக்காரர் ஐந்து மூலையாக மாற்றிக் கட்டினார்கள், 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சுவர்க் கற்களில் பவளப்பாறையின் பூ வேலை அப்படியே தெரிகிறது. பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். உள்ளே இருந்த டச்சுத் தேவாலயம் போரில் தரைமட்டமாகிவிட்டது. மதிலில் ஏறினால் பண்ணைக் கடலும் தீவுகளுக்குப் போகும் பாலமும் தெரியும். வெயில் கடுமை, அதனால் அதிக நேரம் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் கீரிமலை. கடலுக்கு ஒட்டினாற்போல் ஒரு கேணி, அதில் ஊறுவது நன்னீர். என் கணவரும் மகனும் இறங்கிக் குளித்தார்கள், நண்டுக் குழம்புக் குறை அதோடு போயிற்று. பக்கத்தில் நகுலேஸ்வரம், ஈழத்தின் ஐந்து ஈச்சரங்களில் ஒன்று. வாசலில் கும்பிட மட்டும்தான் நேரம் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும்போது அண்ணனிடம் பேசிய பணத்தைக் கொடுத்தோம். பனங்கட்டிப் பை ஒன்றைப் பிள்ளைகள் கையில் திணித்துவிட்டு, “அடுத்த முறை நாள் எடுத்து வாங்கோ” என்றார்.

நாள் எடுத்துத்தான் போக வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, பருத்தித்துறை எதுவும் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகுச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக இருப்பதால், ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதில் போய் சில நாள் தங்குவதாகத் திட்டம். தீவுக்கு எங்களை அனுப்பிவிட்டுத் தான் நூலகத்திலேயே இருந்துகொள்வதாக அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.